நல்லுயிரி (புரோபயாடிக்)

பாளையங்கோட்டையில் ஒரு தீவனக் கடை. கன்னி என்ற நாட்டு இன ஆடு வளர்ப்பவர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, புரோபயாடிக் என்றால் குட்டிக்குக் கழிச்சல் மருந்தா?” “மருந்தில்லை, ஈஸ்ட்” என்றார் கடைக்காரர். புரியாத சொல் ஒன்று இரண்டாயிற்று. புரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை செய்யவென்று உயிரோடு கொடுக்கும் நுண்ணுயிர். ஈஸ்ட், மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணிய பூஞ்சை.

‘புரோ’ இலத்தீன், ஆதரவாக என்று பொருள். ‘பயாஸ்’ கிரேக்கம்; உயிர், வாழ்வு. ஆன்டிபயாடிக்குக்கு நேர் எதிர். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற ஆய்வாளர்கள், ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை வளர்க்கும் பொருளை இப்படி அழைத்தார்கள். 1974இல் பார்க்கர் என்ற ஆய்வாளர் இதைக் கால்நடைத் தீவனத்துக்குக் கொண்டுவந்தார். 1989இல் ஃபுல்லர் என்ற ஆய்வாளர், நுண்ணுயிர் ‘உயிருள்ள’தாக இருக்க வேண்டும் என்பதை வரையறைக்குள் வைத்தார். இன்று தயிர் விளம்பரத்தில் மினுக்கும் சொல் தீவனத் தொட்டியில் வளர்ந்ததுதான்.

தமிழில்? ‘சார்புயிரி’ என்றால் ஒட்டுண்ணிபோல் ஒலிக்கிறது. ‘நன்னுயிரி’ என்று எழுதுவோர் உண்டு. நல்லாசிரியர், நல்லுள்ளம் என்கிறோமே, அதே புணர்ச்சியில் ‘நல்லுயிரி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஈஸ்டை ‘நொதி’ என்பது குழப்பம். நம் பாடநூல்களில் நொதி என்பது என்சைம். இலங்கைத் தமிழர் ‘மதுவம்’ என்கிறார்கள். பனங்காட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு மதுவத்துக்கு. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற அறிவியல் பெயரிலும் சர்க்கரை, பூஞ்சை, பீர் மூன்றும் ஒளிந்திருக்கின்றன.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பிறந்த குட்டிக்கு முதல் அறையான முதல் இரைப்பை வேலை செய்யாது. பால் நேரே நான்காம் அறைக்குப் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் குழை (தழை) கடிக்கத் தொடங்கிய பிறகு முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நன்றாகப் பெருகும். மதுவம் அங்கே நுழையும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால், காற்றை வெறுக்கும் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் தழைக்கும், அமிலமும் மட்டுப்படும். சில ஆய்வுகளில் குட்டிகளின் எடை கூடியது, கழிச்சல் குறைந்தது. சிலவற்றில் வேறுபாடே இல்லை. மதுவம் வயிற்றில் நிலைத்துக் குடியிருக்காது. நாள்தோறும் கொடுத்தாக வேண்டும்.

“வெந்நீரில் தவிட்டோடு பிசைந்து வைக்கலாமா?” என்று கடையில் அந்த ஆட்டுக்காரர் என்னிடம் கேட்டார். வெந்நீரில் மதுவம் செத்துவிடும் என்றேன். செத்தால் அதில் புரதம் மிஞ்சும், நல்லுயிரி மிஞ்சாது.

“அப்போது ஆறவைத்துக் கலக்குகிறேன்” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.