தண்ணீர் பட்ட பிறகுதான் துணி தன் அளவைக் காட்டும்

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு போக அக்காவின் மகளுக்கு ஒரு கோடைச் சட்டை தைத்தேன். வொயில் என்கிற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, கையில்லாத சட்டை, கழுத்தைச் சுற்றி நானே கையால் போட்ட நீலப் பூக்கள். அளவு அச்சொட்டாக இருந்தது. பொங்கல் முடிந்து வந்து ஒரு தரம் தோய்த்துக் கொடியில் போட்டோம். காய்ந்து எடுத்தால் பூ ஒவ்வொன்றும் பொரித்த பப்படம் மாதிரி மேடாக எழும்பி நிற்கிறது, சுற்றிவரச் சுருக்கம், நெஞ்சுப் பக்கம் பிடிக்கிறது. மூன்று கிழமை இரவிரவாக இருந்து போட்ட பூ! அன்றைக்கு வந்த கவலையில்தான் துணிக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில், இந்த வெயிலுக்கு ஏன் பருத்தி? தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காற்று வெக்கையாகவும் வறண்டும் இருக்கும். உடம்பு தன்னைக் குளிர வைக்க நம்பியிருப்பது வியர்வையைத்தான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகிப் போக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும், 30 பாகையில் இருக்கிற ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல எட்டு மடங்கு அது, அவ்வளவும் தோலிலிருந்து எடுக்கப்பட்டால்தான் குளிர்ச்சி. பருத்தி ஈரத்தை உள்ளே இழுக்கும். 65 வீத ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா கிடந்தாலே தன் எடையில் ஏழு எட்டு வீதம் தண்ணீர் வைத்திருக்கும், பொலியெஸ்ரர் அரை வீதம்கூட வைத்திருக்காது. இழுத்த வியர்வையைத் துணி முழுக்கப் பரப்பிக் காற்றுக்குக் கொடுக்கும்போது வறண்ட காற்று அதை விரைவாக எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் மார்கழி மழைக்குள் இதே சட்டை காயாமல் உடம்போடு ஒட்டும். காற்றே ஈரமாக இருந்தால் பருத்தி பாவம் என்ன செய்யும்?

சரி, அந்தத் தண்ணீர் விருப்பம்தான் என் பூவையும் கெடுத்தது.

பருத்திப் பஞ்சில் ஓர் இழை உயிரோடு இருக்கும்போது உள்ளே சாறு நிரம்பிய குழாய். காய் வெடித்து வெயிலில் காய்ந்ததும் குழாய் தட்டையாகி முறுகிப்போகும், காய்ந்து வெடித்த பயற்றம் நெற்றின் தோல் முறுகிக் கிடக்குமே, அப்படி. அதைத் தண்ணீரில் போட்டால் மீண்டும் பருக்கும். கவனிக்க வேண்டியது, அகலத்தில்தான் பருக்குமே தவிர நீளத்தில் கூடுவது மிகக் கொஞ்சம். இப்போது நெய்த துணியை நினைத்துப் பாருங்கள், நெடுக்கே போகிற பாவு நூல், குறுக்கே போகிற ஒவ்வோர் ஊடை நூலுக்கும் மேலும் கீழுமாக ஓடுகிறது. வேலிக் கதியால்களுக்கு உள்ளும் வெளியுமாக ஒரு கயிற்றை ஓட விட்டால், கதியால் பருக்கப் பருக்க அதே கயிறு எட்டுகிற தூரம் குறையும் அல்லவா? துணியிலும் அதே கதைதான். ஊடை பருத்ததும் பாவு கூடுதலாக வளைய வேண்டும், நூல் நீளம் கூடாது, ஆகவே துணி கட்டையாகிறது. அதோடு நெய்யும்போதும் ஆலையில் முடிக்கும்போதும் துணியை இழுத்துப் பிடித்தே வைத்திருப்பார்கள், முதல் தண்ணீரில் அந்த இழுவையும் விட்டுப்போகும். நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம். 40 அங்குல நீளத்தில் அது 2 அங்குலம் வரை போகலாம். அக்கா மகளின் சட்டை பிடித்ததில் அதிசயமே இல்லை.

பூவுக்கு வருவோம். நான் போட்ட நூல் மெர்சரைஸ் செய்த நூல், பளபளப்பாக இருக்கும், பூவேலைக்கு விற்பது பெரும்பாலும் அதுதான். 1844 அளவில் ஜோன் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காரச் சோடாவில் தோய்த்தால் இழை உருண்டு பருப்பதைக் கண்டார். 1890 அளவில் ஹொரஸ் லோ என்பவர், அப்படித் தோய்க்கும்போது நூலைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டு மாதிரி மினுங்கும் என்று காட்டினார். முறுகல் போய் வழுவழுப்பான உருளையாவதால் ஒளி ஒரே சீராகத் திரும்புகிறது. தன் சுருக்கத்தை ஆலையிலேயே முடித்துக்கொண்டு வந்த நூல் அது. தோய்க்காத வொயிலோ இனித்தான் சுருங்கப்போகிறது. ஐந்து சென்ரிமீற்றர் பூவைச் சுற்றியுள்ள துணி 5 வீதம் சுருங்கினால் இரண்டரை மில்லிமீற்றர் இடம் குறைகிறது, நெருக்கமாகத் தைத்த பூ குறைய மறுக்கிறது, ஒதுங்க இடமில்லாமல் மேலே எழும்புகிறது.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். பூப்போடும் வளையத்தில் துணியைப் பறை மாதிரி இழுத்துப் பூட்டியிருந்தேன். இழுபட்ட துணியின் மேல் நெருக்கித் தைத்துவிட்டுக் கழற்றினால் மற்றத் துணி பழைய அளவுக்குத் திரும்பும், பூவுக்குக் கீழே உள்ளது திரும்பாது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் தாழ்கிற அளவுக்கு இருந்தால் போதும். கழுத்து வளைவில் இன்னும் கவனம் வேண்டும். துணியைப் பாவு வழியே இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைவாட்டில் இழுங்கள், ரப்பர் போல நீளும், ஏனென்றால் அங்கே எந்த நூலும் நேரே இழுவையைத் தாங்கவில்லை, கட்டங்கள்தான் சரிந்து கொடுக்கின்றன. கழுத்தை வெட்டியதும் சில இடங்கள் மூலைவாட்டில் விழும். அதனால் வெட்டின உடனே ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி அதை நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாவது சட்டைக்குத் துணியை முதல் நாள் இரவே வாளியில் ஊற வைத்து, காய்ந்ததும் அழுத்தி, அப்புறம்தான் வெட்டினேன். நூலையும் பார்க்க வேண்டும். சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள், சாயம் விட்டால் அதை இந்தச் சட்டைக்கு எடுக்காதீர்கள். வினாகிரி ஊற்றினால் சாயம் நிற்கும் என்பார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்குத்தான் அது உதவும், பருத்திச் சாயத்தை வினாகிரி பிடித்து வைக்காது.

ஆறிழை நூலில் இரண்டு இழையை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன், சேர்த்து உருவினால் முறுக்கு சிக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். நூல் கூடக் கூட ஒரே இடம் திரும்பத் திரும்பத் துணிக்குள் உரசிப் பளபளப்புப் போய் மயிர் எழும்பும். பூவை அடைத்து நிரப்பாமல் சங்கிலித் தையலில் கோடாகவே போட்டேன். துணியின் துளைகள் திறந்தே இருப்பதால் கழுத்தடியில் காற்றுப் போகும், துணியைப் பிடித்து நிறுத்துகிற நூலும் குறைவு.

தோய்த்துக் காய்ந்ததைத் தடித்த துவாய் மேல் பூப்பக்கம் கீழே இருக்கப் போட்டு அழுத்தினேன். துவாயின் நூல் வளையங்களுக்குள் பூ அமிழ்ந்து கொடுக்கும், நசியாது. திருப்பிப் பார்த்தேன், நெத்தலி முள் மாதிரி மெல்லிய அந்த நீலக் கோடுகள் துணியோடு துணியாகப் படிந்து கிடந்தன.