சிவந்து அரித்தால் அலர்ஜிதானா?

செவிலியர் பயிற்சியில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் டிரிப்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே நோயாளிக்கு முகம், கழுத்து, மார்பெல்லாம் சிவந்து அரிப்பு எடுத்தது. உடனே நிறுத்தினோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிவப்பு தணிந்ததும் அதே மருந்தை மெதுவாக ஏற்றச் சொன்னார். அலர்ஜி வந்த மருந்தை மறுபடி கொடுக்கலாமா?"

வந்தது அலர்ஜியாக இல்லாதபோது கொடுக்கலாம்.

தோலில் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடைத்த துகள்கள். அவை வெளியே கொட்டினால் குழாய்கள் விரியும், தோல் சிவக்கும், அரிக்கும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொட்ட வைப்பது யார் என்பதில்தான் சுவாரசியம்.

பென்சிலின் அலர்ஜியில், மருந்தை ஏற்கெனவே சந்தித்த உடல் அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்பொருளைத் தயாரித்து மாஸ்ட் செல்லின் மேல் நட்டுவைத்திருக்கும். அடுத்த முறை மருந்து வந்து பக்கத்துப் பக்கத்து எதிர்பொருள்களைப் பிணைத்தால் துகள்கள் கொட்டும். இதற்குத் துளி மருந்தே போதும்.

வான்கோமைசினுக்கு இந்த முன்கதை வேண்டாம்; அது பின்வாசல் வழியாக வருகிறது. மாஸ்ட் செல்லின் மேல் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்று வாயில் நுழையாத பெயருடைய ஏற்பி ஒன்று உண்டு. மருந்து நேராக அதைத் தூண்டிவிடுகிறது, முதல் டோஸிலேயே. வலி மருந்தான மார்ஃபினும், இன்னொரு ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சசினும்கூட இதே வழிதான். நுண்ணோக்கியில் பார்த்தால், இந்த வழியில் சின்னச் சின்ன உருண்டைத் துகள்கள் சட்டென்று வெளியேறுகின்றன. ஐஜிஇ வழியிலோ பெரிய பெரிய திரள்களாக, சற்று நிதானமாக. ஒரே செல், ஒரே ஹிஸ்டமின், இரண்டு விதமான கொட்டல்! எனக்கு இது அலுப்பதே இல்லை.

ஆனால் இந்த ஏற்பியைத் தூண்ட மருந்தின் செறிவு நன்றாக ஏற வேண்டும். அதனால்தான் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு 100 நிமிடம். டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலர் கிளாம்ப்பைத் தாராளமாகத் திறந்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனால், திரும்பி வரும்போது கழுத்து சிவந்திருக்கும்.

1958-ல் வான்கோமைசின் புழக்கத்துக்கு வந்தபோது பழுப்பாக இருந்ததால் 'மிசிசிப்பிச் சேறு' என்று கிண்டல் செய்தார்கள். சிவப்புக்கு அந்த அழுக்குதான் காரணம் என்றும் நம்பினார்கள். மருந்து சுத்தமானது, சிவப்பு போகவில்லை. பல மருந்துகள் இந்த ஏற்பி வழியாக மாஸ்ட் செல்லைத் தூண்டுகின்றன என்பது 2015-ல்தான் தெரிந்தது. அதைக் காட்டியது அரிப்பு நரம்புகளை ஆராய்ந்துவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகம் ஒன்று. எலிக்கு ஏன் அரிக்கிறது என்று பார்க்கவா காசு என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, படுக்கையருகே என்ன செய்வது? ஆரம்பத்தில் நிஜ அலர்ஜியும் இந்தச் சிவப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே முதலில் டிரிப்பை நிறுத்துங்கள், ஊசிவழியை எடுத்துவிடாதீர்கள். மூச்சு, நாடி, பிபி பார்த்து டாக்டரைக் கூப்பிடுங்கள். தோலோடு நின்றால் பெரும்பாலும் ஆன்டிஹிஸ்டமின் போதும். குரல் கம்முவது, இளைப்பு, நாக்கு வீக்கம், பிபி சரிவு இவற்றில் எது தெரிந்தாலும் கதை வேறு. அங்கே ஆன்டிஹிஸ்டமினை நம்பி நிமிடங்களை வீணாக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயைத் திறக்காது, பிபியை ஏற்றாது. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலின், தொடையின் வெளிப்புறத் தசையில். நோயாளியைத் திடீரென்று எழுப்பி நிற்கவைக்கவும் கூடாது.

அப்புறம், கேஸ் ஷீட். 'வான்கோமைசின் அலர்ஜி' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பென்சிலின் வகைகள் கேட்காத கிருமி அடுத்த முறை வந்தால் இந்த மருந்து தேவைப்படும். எந்த வேகத்தில் ஏறியது, எத்தனையாவது நிமிடத்தில் எங்கே சிவந்தது, மூச்சும் பிபியும் எப்படி இருந்தன, வேகத்தைக் குறைத்ததும் என்ன ஆனது என்று எழுதுங்கள்.