சைட் ஸ்பெசிஃபிக் தியேட்டர்: களஞ்சார் அரங்கு

ஓர் இடத்துக்கென்றே உருவாகி, அந்த இடத்தின் சுவரையும் எதிரொலியையும் பழங்கதையையும் பாத்திரமாக்கிக்கொள்ளும் நாடகத்துக்கு ஆங்கிலத்தில் ‘சைட் ஸ்பெசிஃபிக் தியேட்டர்’ என்று பெயர். மேடையை விட்டு இறங்கினாலே இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள், அது தவறு. வீதி நாடகத்தை இன்று மதுரையில், நாளை சேலத்தில் போடலாம். இதை இடம் பெயர்த்தால் நாடகமே கலைந்துவிடும்.

‘சைட்’ என்பதற்கு வேர், இருப்பிடத்தைக் குறிக்கும் லத்தீனின் ‘சிட்டுஸ்’. ‘தியேட்டர்’ கிரேக்கம், பார்க்கும் இடம் என்று பொருள். ‘சைட் ஸ்பெசிஃபிக்’ என்ற அடைமொழி நாடகக்காரர்களுக்குச் சிற்பிகளிடமிருந்து வந்தது. ரிச்சர்ட் செர்ரா 1981இல் நியூயார்க்கில் நிறுத்திய 120 அடி நீள உருக்குச் சுவரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றபோது, பெயர்ப்பதும் அழிப்பதும் ஒன்றுதான் என்று வாதாடினார். தோற்றார், 1989இல் அகற்றிவிட்டார்கள்.

மூடிய தொழிற்சாலைகள் இவ்வகை நாடகத்துக்குத் தோதானவை. கிளாஸ்கோ ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக இருந்த 1990இல், பில் பிரைடன் தன் ‘தி ஷிப்’ நாடகத்தை கோவன் பகுதியில் இருந்த ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கம்பெனியின் பழைய எஞ்சின் கொட்டகையில் நடத்தினார். டைட்டானிக்கைக் கட்டிய அதே கம்பெனிதான். கிளைடு ஆற்றங்கரையில் கடைசிப் பெருங்கப்பலைக் கட்டும் தொழிலாளர்களின் கதை. வடிவமைப்பாளர் வில்லியம் டட்லி கொட்டகைக்குள் கப்பலையே எழுப்பியிருந்தார். முடிவில் அது நகர்ந்து வெள்ளோட்டம் போகும். பார்த்தவர்கள் முன்னே வெறும் தரைதான் மிஞ்சும். அப்பனும் பாட்டனும் ரிவெட் அடித்த ஊர்க்காரருக்கு அதற்குமேல் வசனம் எதற்கு?

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘தளம்சார்’ என்றால் இணையதளம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘இடம்சார்’ பொத்தாம்பொதுவாக இருக்கிறது. என் ஓட்டு ‘களம்’ என்பதற்கே. நெல்லடிப்பதும் களம், போரிடுவதும் களம், ஆடுவதும் களம். ஈழத்தில் கூத்தாடும் இடத்தைக் களரி என்பார்கள். உழைக்கும் இடம், ஆடும் இடம் இரண்டையும் ஒரே சொல் ஏந்திக்கொள்கிறது. பாரதக் கூத்தில் பதினெட்டாம் போருக்கு ஊர்ப் பொட்டலில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து ஆடுவதற்குப் பெயரே படுகளம். அதைத் தூக்கிக்கொண்டுபோய் சபாவில் வைக்க முடியுமா?

ஆகவே, களஞ்சார் அரங்கு. நடனமோ நடைப்பயணமோ கலந்த நிகழ்ச்சியானால் களஞ்சார் நிகழ்த்துகை எனலாம். ‘கள அரங்கு’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். களப்பணி, கள ஆய்வோடு குழம்பும்.