கரண்ட் போனால் கத்தும் சில்வண்டு

"கரண்ட் இருக்கற வரைக்கும் பரவால்லைங்கம்மா. ராத்திரி கரண்ட் போயி தறியும் ஃபேனும் நின்னுச்சுன்னா, காதுக்குள்ள சில்வண்டு கத்த ஆரம்பிச்சுருதுங்க. அப்புறம் எங்க தூங்கறது?"

குமாரபாளையம் பக்கம் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர் என்னிடம் சொன்னது இது. செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் வேலையில் இருக்கும் எனக்கு, காது இரைச்சல் என்றாலே இவர் ஞாபகம்தான் வரும். என்னிடம் வருவதற்கு முன்பு வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். "இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். சொன்னது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்லாததால், நாலு மாதம் சரியான தூக்கமில்லாமல், மூளையில் கட்டியாக இருக்குமோ என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அந்த நாலு மாதம்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு காதுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. வெளியே எழும் ஒலியை நரம்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது அவைதான். ஒருமுறை அழிந்தால் மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிப் பகுதிதான் முதலில் அடிபடும். இவருடைய செவித்திறன் வரைபடத்திலும் அதே இடத்தில் குழி விழுந்திருந்தது. அந்தப் பகுதியிலிருந்து வர வேண்டிய செய்தி குறையும்போது, மூளை தன் கவனிப்பைக் கூட்டுகிறது. எட்டாத ஸ்டேஷனுக்காக ரேடியோவில் சத்தத்தை ஏற்றினால் பாட்டு வராமல் 'உஸ்'ஸென்ற இரைச்சல்தானே வரும்? ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. சில்வண்டு காதுக்குள் இல்லை. அதனால்தான் எண்ணெய் ஊற்றினாலும் பட்ஸ் போட்டுக் குடைந்தாலும் அது போவதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெயே சீழுக்கு வழி செய்துவிடும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். சிலருக்கு அடைத்திருக்கும் அழுக்கை எடுத்ததுமே இரைச்சல் நின்றுவிடும்; அதையும் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் மூளை தன் சொந்த ஓசையையே கேட்கத் தொடங்கிவிடுகிறது. கரண்ட் போனதும் சில்வண்டு கத்துவதற்கும் காரணம் இதுதான்.

அவரிடம் இதை விளக்கிவிட்டு, வீடு எங்கே என்று கேட்டேன்.

"தறிக் குடோனை ஒட்டித்தானுங்க."

"ராத்திரி ஷிஃப்டுல தறி ஓடுமே, தூக்கம் வருமா?"

"அதெல்லாம் நல்லா வருமுங்க. தறி நின்னாத்தான் முழிப்பு வரும், பாவு கீவு அந்துருச்சோன்னு."

அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவே தூங்கப் பழகியது அவருடைய காது இல்லை, மூளைதான். ஆபத்தில்லை என்று முடிவு கட்டிய ஒலியை அது ஒதுக்கிவிடுகிறது. சில்வண்டை ஆபத்து என்று எழுதி வைத்திருப்பதால்தான் ராத்திரி முழுக்கக் காவல் காக்கிறது. பயம் இரைச்சலைக் கவனிக்க வைக்கும், கவனித்தால் இரைச்சல் பெரிதாகத் தெரியும், அது இன்னும் பயத்தைக் கூட்டும். சிகிச்சையில் நாங்கள் அறுக்கப் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான்.

முதலில் காது மெஷின். "போட்டா செவிடன்னு சொல்லுவாங்க" என்று இவரும் தயங்கினார். கேட்காமல் விட்ட ஒலிகள் மெஷின் வழியே வரத் தொடங்கினால், மூளை அந்த அளவுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளத் தேவையில்லை. செவித்திறன் குறைந்த பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போய்விடும். அடுத்தது, அமைதியைத் தவிர்ப்பது. ராத்திரி படுக்கும்போது போனில் மழைச் சத்தமோ, சார்ஜ் ரேடியோவில் மெல்லிய பாட்டோ ஓடட்டும். இதில் பலரும் செய்யும் தப்பு, இரைச்சல் அமுங்கிப் போகிற அளவுக்குச் சத்தமாக வைப்பது. அப்படிச் செய்தால் நிறுத்தியதும் பழைய கதைதான். இரண்டும் கலந்து கேட்கிற அளவுக்கு, இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் மூளை பழகும். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மனம் ரொம்பச் சோர்ந்தவர்களுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சை நன்றாகவே உதவுகிறது. "எனக்குப் பைத்தியமா?" என்று கோபப்படாதீர்கள். இரைச்சல் தாங்காமல் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, துத்தநாகம் என்று மாதாமாதம் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியே இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. அந்தக் காசு காது மெஷினுக்கு ஆகும்.

சில இரைச்சல்களை மட்டும் பழக்கிக்கொள்ளப் பார்க்கக் கூடாது. ஒரே காதில் மட்டும் விடாமல் கேட்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து 'துப்துப்' என்று அடிப்பது, தலைசுற்றலோடு வருவது ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்; ஸ்கேன் தேவைப்படலாம். காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுக்கும்போது இரைச்சல் தொடங்கினால் அந்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அமிகாசின், சிஸ்பிளாட்டின் போன்றவை காதைப் பாதிக்கும். மருந்தை நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போய் இரைச்சலும் இருந்தால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. "சளி பிடிச்சிருக்கும்" என்று ஒரு மாதம் காத்திருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தறிக்காரர் எட்டு மாதம் கழித்து மெஷினுக்கு பேட்டரி வாங்க வந்தார். சில்வண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இருக்குதுங்கம்மா. நீங்க கேட்டதுக்கு அப்புறந்தான் ஞாபகம் வருது."

அவருடைய மகனும் அதே குடோனில்தான் தறி ஓட்டுகிறார். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்வரை இருக்கலாம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்பது பொதுவான கணக்கு. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா முட்டி ஓடும் தறிகள் நிறைந்த குடோனில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே காதில் பஞ்சு வைப்பது வைக்காததற்குச் சமம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானைச் சுருட்டி, காது மடலை மேலே இழுத்து, ஆழமாக வைக்க வேண்டும். மகனைச் சோதனைக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் குறைந்தது 14 மணி நேரம் தறிச் சத்தத்தில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். திங்கள் காலை, ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்பு வரச் சொல்லியிருக்கிறேன்.