பாலன்ஸ்: சமநிலையா, சமன்புள்ளியா?

ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு டென்னிஸ் மட்டைகள். ஒன்று சொன்னபடி கேட்கிறது. மற்றதை வீசினால் யாரோ நுனியைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. தராசில் வைத்தால் இரண்டும் 320 கிராம்தான். ஆடுகிறவர்கள் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருக்கிறார்கள்: "பாலன்ஸ் வேற."

சரி, பாலன்ஸ் என்றால் என்ன? தமிழில் இந்த ஒரு சொல்லை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். கொடுத்த பணத்தில் திரும்பி வரவேண்டியது பாலன்ஸ். சைக்கிள் ஓட்டும்போது தவறிப்போவதும் பாலன்ஸ். மட்டையின் விவரக் குறிப்பில் 325 மி.மீ. என்று போட்டிருப்பதும் பாலன்ஸ். முதலாவதற்கு மீதி, பாக்கி, இருப்பு என்று வேண்டிய சொற்கள் இருக்கின்றன. இரண்டாவதற்குச் சமநிலை பொருத்தம். மூன்றாவதற்கும் அகராதியைப் பார்த்துச் சமநிலை என்றே எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் இடிக்கிறது. சமநிலை என்பது இருக்கும், அல்லது குலையும். அது 325 மி.மீ. தூரத்தில் போய் உட்காராது. மட்டையைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்பது ஒரு நிலையை அல்ல, ஓர் இடத்தை.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. லத்தீனில் 'பி' என்றால் இரண்டு, 'லான்க்ஸ்' என்றால் தட்டு. இரண்டும் சேர்ந்த 'பிலான்க்ஸ்' இரட்டைத் தட்டுத் தராசைக் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பாலன்ஸ் ஆனது. முதலில் கருவியின் பெயர். அப்புறம் அந்தக் கருவி நேராக நிற்கும் நிலையின் பெயர். கணக்குப் புத்தகத்தில் இரு பக்கமும் ஒத்துவரச் சேர்க்கவேண்டிய தொகையின் பெயர். கடைசியில் மட்டையில் ஒரு புள்ளியின் பெயர்.

நம்மிடமும் தராசுக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தராசு பாரசீகத்திலிருந்து வந்தது, துலாம் வடமொழியிலிருந்து. நம் பழைய பெயர் கோல். "சமன்செய்து சீர்தூக்கும் கோல்" என்கிறது 118ஆம் குறள். இங்கே தூக்குவது என்றால் நிறுப்பது. எடு என்பதிலிருந்து எடை, நிறு என்பதிலிருந்து நிறை என்று, எல்லாமே கையால் செய்கிற வேலையிலிருந்து பிறந்தவை. முதலில் கோல் தன்னைச் சமன்செய்துகொண்டு, பிறகுதான் பொருளை நிறுக்கும் என்ற வரிசையையும் கவனியுங்கள். சமையலறை மின்தராசில் சுழியம் வந்த பிறகு பொருளை வைப்பதும் அதே ஒழுங்குதான்.

ஆனால் மட்டைக்கு நெருங்கிய சொந்தம் தட்டுத் தராசு அல்ல, வெள்ளிக்கோல். அதில் எடைக்கல் கிடையாது. ஒரு முனையில் பொருளைத் தொங்கவிட்டு, கோல் கிடையாக நிற்கும்வரை தூக்குக் கயிற்றை நகர்த்துவார்கள். கயிறு நின்ற இடமே எடையைச் சொல்லும். டென்னிஸ் மட்டையில் பொருள் தனியாக இல்லை, கோலே பொருள். மற்றபடி கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில் தாங்கினால் கிடையாக நிற்கும்?

அந்த இடத்துக்குச் சமன்புள்ளி என்பதே என் தேர்வு. நிறைமையம் என்ற இயற்பியல் சொல்லும் பிழையில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது ஒன்றில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. இலங்கைப் பாடநூலில் அதற்குத் திணிவு என்று பெயர், நிறை என்றால் அங்கே எடை. ஒரு மட்டைக்காக இந்தப் பஞ்சாயத்து வேண்டாம். அதேபோல ராக்கெட் என்று எழுதினால் விண்ணில் பறப்பதா கையில் பிடிப்பதா என்று தெரியாது. மட்டை என்றால் சிக்கலே இல்லை.

சமன்புள்ளியைப் பிடியின் அடியிலிருந்து அளப்பது வழக்கம். பெரியவர்களுக்கான மட்டை பெரும்பாலும் 68.5 செ.மீ. நீளம், அதாவது நடு 34.25 செ.மீ. சமன்புள்ளி அதைத் தாண்டி நுனிப்பக்கம் போனால் ஒரு வகை, பிடிப்பக்கம் வந்தால் இன்னொரு வகை. முதல் வகைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தலைக்கனம்! மனிதரைத் திட்டப் பயன்படும் சொல் மட்டைக்கு அப்படியே பொருந்துகிறது. இன்னொன்றைப் பிடிக்கனம் என்று சொல்லலாம். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து 'தலை இலேசானது' என்று எழுதினால் மயக்கம் வந்ததுபோல் ஆகிவிடும்.

வீட்டில் அளக்க என்ன வேண்டும்? ஒரு மின்தராசு, ஓர் அளவுகோல், ஒரு பென்சில். பென்சிலை மேசையில் ஒட்டிவைத்து, மட்டையை அதன்மேல் குறுக்காக நகர்த்தி, இரு பக்கமும் சாயாத இடத்தில் குறியிட்டால் வேலை முடிந்தது. அது நிற்காமல் ஆடுகிறதே என்றால் இன்னொரு வழி: பிடியின் அடியை ஒரு விளிம்பில் தாங்கி, நுனியைத் தராசில் வையுங்கள், மட்டை கிடையாக இருக்கவேண்டும். தராசு காட்டுவதை நீளத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால் சமன்புள்ளி. தராசு 153 காட்டினால், 153 × 68.5 ÷ 320 = 32.75 செ.மீ. ஒரு கிராம் பிசகினால் விடை 2 மி.மீ. நகர்ந்துவிடும் என்பதால், 0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் நல்லது. நரம்பு கட்டியபின் அளக்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. நரம்பே ஏறக்குறைய 15 முதல் 18 கிராம் வரும், அதுவும் தலைப்பக்கம்.

இனி நம் இரட்டையர்களுக்கு வருவோம். இரண்டும் 320 கிராம். ஒன்றின் சமன்புள்ளி 32.3 செ.மீ., மற்றதில் 33.1. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன்: 10,336, 10,592. வித்தியாசம் 256. எதையும் வெட்டி எடுக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும். முதல் மட்டையின் தலையில், அடியிலிருந்து 66 செ.மீ. தூரத்தில் 4.2 கிராம் ஈய டேப். இரண்டாவதன் பிடியில், 5 செ.மீ. தூரத்தில் அதே 4.2 கிராம். இரண்டு இடங்களுக்கும் இடைவெளி 61 செ.மீ., 61 × 4.2 = 256. இப்போது இரண்டுமே 324.2 கிராம், சமன்புள்ளி 32.7. தலையில் ஒட்டுவதை இரு பக்கமும் பாதிப்பாதியாக ஒட்டுங்கள், இல்லையென்றால் மட்டை கையில் திருகும்.

எடையும் வேறு, சமன்புள்ளியும் வேறு என்றால் திருப்புத்திறன் வித்தியாசத்தை எடை வித்தியாசத்தால் வகுத்தால், எடை குறைந்த மட்டையில் ஒட்டவேண்டிய இடம் கிடைக்கும். விடை மட்டையின் நீளத்துக்கு வெளியே விழுந்தால் இரண்டு இடங்களில் ஒட்டியாகவேண்டும்.

இவ்வளவு செய்தும் "இன்னும் ஒரே மாதிரி இல்லையே" என்று கை சொல்லலாம். கை சொல்வது பெரும்பாலும் சரி. எடையும் சமன்புள்ளியும் ஒன்றாக இருந்தும், ஒரு மட்டையில் கனம் இரு முனைகளிலும், மற்றதில் நடுவிலும் திரண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் ஸ்விங்வெயிட் என்பது இதைத்தான். வெயிட் என்று இருப்பதால் வீச்செடை என்று பெயர்த்தால் கிராமில் கேட்பார்கள். இது கிராமில் வருவதே இல்லை, கிலோகிராம்-சதுர செ.மீ. கணக்கு. பாடநூல் சொல் நிலைமத் திருப்புத்திறன். மைதானத்தில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும். வீச்சுக்கனம் என்போம்.

இதையும் வீட்டில் பிடிக்கலாம். அடியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில், நரம்புத் தளத்துக்கு இணையாக, பிடிக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி, அதன் இரு முனைகளை இரண்டு மேசை விளிம்புகளில் தாங்கி, மட்டையை ஊசல்போல் இலேசாக ஆடவிடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். 30 ஆட்டத்துக்கான நேரத்தை 30ஆல் வகுங்கள். வீச்சுக்கனம் = 24.85 × எடை (கிலோவில்) × கம்பியிலிருந்து சமன்புள்ளிக்கு உள்ள தூரம் (செ.மீ.) × ஓர் ஆட்ட நேரத்தின் வர்க்கம். 0.32 கிலோ, 22.5 செ.மீ., 1.337 விநாடி என்றால் 320 வரும். ஐந்து அலகு வித்தியாசம் 30 ஆட்டத்தில் 0.3 விநாடிதான் காட்டும், அதனால் ஒரு முறை அளந்து நம்பிவிடாதீர்கள். எடையும் சமன்புள்ளியும் ஒத்த மட்டைகள் என்றால் வாய்பாடே வேண்டாம், நேரம் ஒத்தால் போதும். ஒத்துவரவில்லையா? வேகமாக ஆடும் மட்டையில் ஒட்டிய ஈயத்தை, திருப்புத்திறன் மாறாமல், இரண்டாகப் பிரித்து முனைகளை நோக்கித் தள்ளுங்கள். எடையும் சமன்புள்ளியும் அப்படியே இருக்க, வீச்சுக்கனம் மட்டும் கூடும்.

கடைசியாக என் சொல்லிலேயே ஒரு குறை. ஆங்கிலத்தில் நடுவிலிருந்து விலகும் தூரத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு பாயிண்ட் அங்குலத்தில் எட்டில் ஒன்று, ஏறக்குறைய 3.2 மி.மீ. சமன்புள்ளி 32 செ.மீ. என்றால் ஏழு பாயிண்ட் பிடிக்கனம். இதைத் தமிழில் "சமன்புள்ளி ஏழு புள்ளி" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அந்த அலகை விட்டுவிட்டு மி.மீ. என்றே எழுதுங்கள்.