படம் பளிச்சென்று வந்தது, அதுதான் சிக்கல்

சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பு இது. பெரியவர் ஒருவருக்குத் தலை ஸ்கேன் முடித்த கையோடு, எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். கன்சோலில் பெரியவருக்கான புரோட்டோகால், அதாவது கதிர் அளவு முதலான செட்டிங், அப்படியே இருந்தது. கவனிக்காமல் பட்டனை அழுத்திவிட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ரிப்போர்ட் எழுதிய டாக்டரும் குறை சொல்லவில்லை. எவ்வளவு கதிர் போனது என்று கடைசியில் காட்டும் டோஸ் பக்கத்தைப் பார்த்த சீனியர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், தப்பு உடனே தெரிந்துவிடும். சி.டி.யில் கதிர் கூடக்கூடப் படம் அழகாகத்தான் ஆகும். குழந்தையின் மண்டையோடு மெல்லியது, குறைந்த கதிரே போதும். வயதுக்கேற்ப எம்.ஏ.எஸ்.ஸை (கதிரின் அளவைத் தீர்மானிக்கும் செட்டிங்) குறைத்தால் படம் கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும். இருக்கட்டும். மூளையில் தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்த குழந்தைக்கு மூளையின் நீரறைகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க, அதைவிடச் சுமாரான படமே போதும்.

இன்னொரு எதிரி அசைவு. குழந்தை தலையை ஆட்டிவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும், டோஸ் இரண்டு மடங்கு. அதனால் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கத் தேவையில்லாத கைக்குழந்தை என்றால் அவசரப்பட மாட்டேன். அம்மா பால் கொடுக்கட்டும், துணியில் இறுக்கமாகச் சுற்றட்டும், கண் சொருகட்டும். ஸ்கேன் சில விநாடிதான். முகவாயைச் சற்று உள்வாங்கி வைத்தால் கண்ணின் லென்ஸையும் பெரும்பாலும் தப்பவைத்துவிடலாம்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. 2012-ல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வின் கணக்குப்படி, பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலா ஒரு தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். மூளையில் ரத்தக்கசிவு என்று சந்தேகம் இருந்தால் இதையெல்லாம் யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் தலையில் லேசாக அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த, பெக்கார்ன் என்ற அமெரிக்கக் குழந்தைகள் அவசரசிகிச்சை ஆய்வுக் குழுவின் 2009-ம் ஆண்டு ஆய்வில், கவலைப்பட வேண்டிய மூளைக் காயம் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆகவே "சில மணி நேரம் கவனித்துப் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால், அது அலட்சியம் இல்லை.

எடுத்தே ஆகவேண்டும் என்றால், பழைய ஸ்கேன் பதிந்த டிஸ்க் இருந்தால் கொண்டு வாருங்கள். அப்புறம், "குழந்தைக்கான செட்டிங் போட்டாச்சா?" என்று கேளுங்கள். நான் கோபப்பட மாட்டேன். திரையை இன்னொரு முறை பார்ப்பேன்.