இன்று உதிரும் பூ பத்து நாள் முன்பே கெட்டது

கோடையில் தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கும். நான்கைந்து நாளில் அத்தனையும் காம்பு மஞ்சளாகி, தொட்டாலே கொட்டும். சத்துக் குறை என்று நினைத்து உடனே உரம் வைக்கிறோம். பெரும்பாலும் அது வேண்டாத வேலை. தழைச்சத்து கூடினால் இலைதான் தழைக்கும், காய் பிடிக்காது.

கோளாறு மகரந்தத்தில் இருக்கிறது. பூ விரிவதற்கு ஏறத்தாழ 8 முதல் 13 நாள் முன்னால், அரும்பு மிகச் சிறிதாக இருக்கும்போதே மகரந்தம் உருவாகிறது. வெப்பம் அதிகம் தாக்கும் பருவமும் அதுதான். அந்த நாள்களில் பகல் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 21 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் மகரந்தத் தூள் சூம்பிவிடும். அதன் பிறகும் அரும்பு வளரும், விரியும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் முளைக்கும் திறனுள்ள தூள் உள்ளே சொற்பம். பகல் வெயிலை மட்டும் பார்க்காமல் இரவு வெப்பத்தையும் குறித்து வையுங்கள். குளிர் இரவும் கெடுக்கும்: 13 டிகிரிக்குக் கீழே போனாலும் காய்ப்பிடிப்பு குறையும்.

கருவுறாத பூவைச் செடி எப்படிக் கழற்றிவிடுகிறது என்பது அருமையான ஏற்பாடு. கருவுற்ற சூலகம், அதாவது காயாக மாறும் பூவின் அடிப்பகுதி, ஆக்சின் என்ற ஹார்மோனைக் காம்பு வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரத்து நின்றால், உதிரச் செய்யும் எத்திலீன் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. தக்காளிப் பூக்காம்பின் நடுவில் முழங்கை போலப் புடைத்த ஒரு கணு உண்டு. அங்கே செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளை நொதிகள் கரைக்க, பூ பாதிக் காம்போடு விழுகிறது. விழுந்ததை எடுத்துப் பாருங்கள்: அந்தக் கணுவில் வழவழப்பாகக் கழன்றிருந்தால் செடியே உதிர்த்தது. கடித்த தடமோ கிழிசலோ இருந்தால் பூச்சியைத் தேட வேண்டும்.

வெப்பத்தைக் குறைக்க 30 முதல் 40 சதவீத நிழல்வலை போதும். அதைவிட அடர்த்தியானால் ஒளி போதாமலும் பூ கொட்டும். வேர்ப்பகுதியில் காய்ந்த இலை, வைக்கோலால் 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்கு போட்டு, தண்டை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். தண்ணீர் தினமும் காலையில், வேர் ஆழத்துக்கு இறங்கும்படி. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இருக்கிற பிஞ்சும் போகும்.

மகரந்தம் நன்றாக இருந்தும், அதை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனியான சூல்முடிக்குப் போய்ச் சேராத நேரங்களும் உண்டு. தக்காளியின் மகரந்தப்பைகள் கூம்பாக ஒட்டியிருக்கும், தூள் உள்பக்கமாகவே வெளிப்படும். அதை உதறி எடுக்க அதிர்வு வேண்டும். கருவண்டு போன்ற பெரிய தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அது வராது. வண்டு வராத மாடித் தோட்டத்தில் அந்த வேலையை நாம் செய்யலாம். காலை பத்து மணிக்கு மேல், ஈரம் உலர்ந்ததும், பூக்கொத்தின் காம்பை இரண்டு மூன்று நொடி விரலால் சுண்டுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் வைத்தால் இன்னும் நல்லது. மழை நாளில் தூள் கட்டிபட்டுப் போவதால் சுண்டியும் பயனில்லை.

மிளகாய்ப் பூவும் இதே வெப்பத்தில் உதிரும். பூசணி, பீர்க்கன் கதை வேறு. அவற்றில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஆண்பூக்கள் முதலில் வந்து உதிர்வது இயல்பு. பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும். அது விரிந்தும் கருவுறாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, நுனியிலிருந்து அழுகும். அன்று விரிந்த ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, தூளைப் பெண்பூவின் சூல்முடி முழுக்கத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். பூசணிக்கு விடியற்காலை, பீர்க்கன் பூ மாலையில் விரிவதால் அதற்கு அந்திநேரம்.

வெயில் தணிந்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். குளிர்ந்த நாள்களில் உருவான அரும்பு விரியப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை வரும் பூக்கள் பழைய வெயிலைச் சுமந்தவை.